மருந்து உறையில் இல்லாத வரி

எங்கள் உம்மம்மாவுக்கு மாங்காய் என்றால் உயிர். பழம் அல்ல, காய். உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் ஒரு காயைத் தனியாகவே முடித்துவிடுவார். சென்ற வருடம் முற்றத்து மரம் காய்த்தபோது வாப்பா முதல் காயைப் பறித்துக் கீறிக் கொடுத்தார். ஒரு துண்டை வாயில் வைத்த உம்மம்மா அப்படியே கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

“பல்லு கூசுது மகள். தலை உச்சி வரைக்கும் இழுக்கிது” என்றார்.

அன்று வீட்டில் எல்லோரும் வைத்தியர்களானோம். வெற்றிலையும் சுண்ணாம்பும்தான் காரணம் என்றார் உம்மா. கிணற்றுத் தண்ணீர் என்றார் மாமா. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைட் கூடிப் பிள்ளைகளின் பல்லில் கறை விழுவதை அவர் எங்கோ கேட்டிருந்தார். ஆனால் அந்தக் கறை பல் வளரும் சின்ன வயதில் விழுவது; அறுபத்தைந்து வயதில் திடீரென்று வந்து கூசச் செய்வதல்ல. சாச்சி ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “வயசு.” உம்மம்மாவின் குளிசைப் பையை யாருமே நினைக்கவில்லை.

நினைத்தவர் பல் வைத்தியர்தான். கண்ணாடியை வைத்துப் பல்லைப் பார்த்தவர், இனிப்புச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. “அம்மா, என்னென்ன மருந்து பாவிக்கிறீங்க?” என்று கேட்டார். உம்மம்மாவுக்குக் கொஞ்சம் கோபம். பல் வலிக்கு வந்தவளிடம் பிரஷர் குளிசையைப் பற்றி என்ன பேச்சு என்ற முகத்தோடு கிளினிக் கொப்பியை நீட்டினார். அதில் பிரஷருக்கு இரண்டு குளிசைகள் இருந்தன. ஒன்று, எங்கள் ஊரில் ‘தண்ணி போற குளிசை’ என்று சொல்வது. கொப்பியில் இல்லாத இன்னொன்றும் இருந்தது. தும்மலுக்கும் உடம்பு ஊறலுக்கும் என்று பாமசியில் வாங்கி, பல வருடமாக இரவில் போட்டுவரும் குளோர்பெனிரமின் என்ற சின்னக் குளிசை. குடித்தால் நன்றாக நித்திரை வரும் என்பதால் ஊறல் இல்லாத நாளிலும் போடுவார்.

அந்த இரண்டு மருந்துமே வாயை உலர வைக்கக் கூடியவை. உம்மம்மாவின் வாய் நெடுநாளாக உலர்ந்துதான் இருந்திருக்கிறது. அவர் அதை வருத்தம் என்று எண்ணவில்லை. தாகம் என்று எண்ணினார். தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழும்ப வேண்டி வரும் என்று, வாயை ஈரமாக்க வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். வைத்தியர் கேட்கக் கேட்க அது வெளியே வந்தது. 2021இல் கொரோனாவுக்கு நல்லது என்று யாரோ சொல்ல வாங்கத் தொடங்கிய விற்றமின் சி மாத்திரை. தோடம்பழ வாசம், புளிப்பும் இனிப்பும். வெற்றிலைப் பெட்டியில் பாக்குக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடமே இருந்தது. ஒரு நாளைக்கு நான்கைந்தைக் கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்துக் கரையவிடுவார். இடையிடையே உப்பில் ஊறிய தேசிக்காய்த் துண்டும் உண்டு.

“பல் சொத்தையாகல்ல அம்மா, கரைஞ்சிருக்கு” என்றார் வைத்தியர்.

அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். இரசாயனவியல் ரீச்சரைக் கேட்டேன். விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சொத்தை வேறு, அரிப்பு வேறு. சொத்தையில் வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அது பல்லின் ஓர் இடத்தில் குழி தோண்டுகிறது. அரிப்பில் பற்றீரியாவுக்கு வேலையே இல்லை. வெளியிலிருந்து வாய்க்கு வரும் புளிப்போ, வயிற்றிலிருந்து மேலே ஏறும் அமிலமோ எனாமலை நேரடியாகக் கரைக்கிறது. எனாமல் என்பது பெரும்பாலும் கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த பளிங்குகள். நமது உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். ஆனாலும் வாயின் பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கிவிடும். தேசிக்காய்ச் சாற்றின் பெறுமானம் 2க்கும் 3க்கும் இடையில். பீஎச்சில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? 5.5இலிருந்து 2.5க்கு இறங்கினால் ஆயிரம் மடங்கு. பரீட்சைக்கு நான் மனனம் செய்த மடக்கைக் கணக்கு உம்மம்மாவின் கொடுப்புக்குள் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது?

அப்படியானால் மாங்காய் தின்கிற நம் எல்லோருடைய பல்லும் கரைந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். கரையாமல் காப்பது எச்சில். எச்சில் என்ற சொல்லையே நாம் அருவருப்போடு சொல்கிறோம். ஆனால் ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை சுரக்கும் அந்த நீர்தான் புளிப்பைக் கழுவுகிறது. அதிலுள்ள இருகாபனேற்று அமிலத்தை நடுநிலையாக்குகிறது. அதிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் மென்மையான எனாமலைத் திரும்பவும் இறுக்குகின்றன. நித்திரையில் அது மிகவும் குறைந்துவிடும். அதனால்தான் படுக்கும் முன் வாயில் எது மிஞ்சியிருக்கிறது என்பது முக்கியமாகிறது. வாயை உலர வைக்கும் பக்க விளைவுள்ள மருந்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வாமைக் குளிசை, சில பிரஷர் குளிசைகள், மனச்சோர்வுக்குக் கொடுப்பவை எல்லாம் அதில் அடங்கும். அவை பல்லைத் தொடுவதே இல்லை. காவல்காரனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. பிறகு வருகிற புளிப்புக்குக் கதவு திறந்திருக்கிறது.

இவ்வளவும் விளங்கியதும் நான் செய்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

அன்று இரவு பாயில் எல்லோரும் சாப்பிட இருந்தபோது, பெரிய வைத்திய நிபுணியைப் போல அறிவித்தேன்: “உம்மம்மா, உங்கட பிரஷர் குளிசதான் உங்கட பல்லத் திண்டிருக்கு.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உம்மம்மா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, “பல்லையே திண்டா, உள்ளுக்க குடல என்ன செய்யும்?” என்றார். அதையும் பகிடி என்றே எடுத்தோம்.

அது பகிடி இல்லை. அடுத்த நாளிலிருந்து உம்மம்மா பிரஷர் குளிசைகளை நிறுத்திவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. காலையில் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவார், வருவார். குளிசைகள் எல்லாம் ஒரு பழைய மைலோ ரின்னுக்குள் சேர்ந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய ஒரு மாதம். ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பிறகு தலை வெடிக்கிறது என்று உட்கார்ந்தவர் வாந்தி எடுத்தார். முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது மேல் பிரஷர் 200ஐத் தாண்டியிருந்தது. “மருந்து ஒழுங்காப் போட்டாங்களா?” என்று வாட்டில் கேட்டபோது உம்மா “ஓம்” என்றார். உம்மம்மா என்னைத்தான் பார்த்தார்.

அல்ஹம்துலில்லாஹ், பாரிசவாதம் வரவில்லை. இரண்டு இரவுகள் வாட்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நான் சொன்னது பொய் இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை வதைக்கிறது. அது பாதி உண்மை. மருந்து வாயை உலர்த்தியது உண்மை. பல்லைக் கரைத்தது, உலர்ந்த வாய்க்குள் நாள் முழுவதும் இருந்த புளிப்பு. செய்ய வேண்டியிருந்தது, புளிப்பை நிறுத்துவதும் தண்ணீர் குடிப்பதும், தேவையில்லாமல் போட்ட இரவுக் குளிசையை வைத்தியரிடம் சொல்லுவதும். பிரஷர் குளிசையில் கைவைப்பது அல்ல. இந்த மறுபாதியை நான் சொல்லவில்லை. பகிடிக்கு அது நீளமாக இருந்தது.

எங்கள் மாமா ஒருவர் பாமசியில் வேலை செய்கிறார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். “இதுக்குத்தான் மகள் நாங்க பக்க விளைவ சனத்துக்குச் சொல்றல்ல. சொன்னா மருந்தையே நிப்பாட்டிடுவாங்க. நீயே பாத்தாய்தானே?”

என் கருத்துக்கு எதிரான வாதங்களில் இதைவிடப் பலமானது இல்லை. அதற்குச் சாட்சியும் என் வீட்டிலேயே இருக்கிறது. பல நாட்கள் எனக்குப் பதில் வரவில்லை. பிறகு ஒன்று புரிந்தது. உம்மம்மா குளிசையை நிறுத்தியது பக்க விளைவைக் கேள்விப்பட்டதால் மட்டுமல்ல. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல், சொல்லத் தெரியாத நான் சொன்னதால். மருந்து தருகிறவர் முதல் நாளிலேயே, “இது வாயைக் கொஞ்சம் உலர்த்தும், பயப்படாதீங்க, தண்ணீர் குடிங்க, புளிப்பு உறிஞ்சாதீங்க, நிறுத்த மட்டும் வேணாம்” என்று சொல்லியிருந்தால், அன்று இரவு என் பகிடிக்கு உம்மம்மா, “அது எனக்குத் தெரியும் மகள்” என்று பதில் சொல்லியிருப்பார். வைத்தியர்கள் பேசாமல் விட்ட இடம் வெறுமையாக இருப்பதில்லை. அங்கே அயல் வீட்டுக்காரர் பேசுகிறார், கைப்பேசியில் யாரோ அனுப்பிய குரல் பதிவு பேசுகிறது, சில வேளை பதினேழு வயதுப் பேத்தி பேசுகிறாள்.

வைத்தியசாலை ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. கிளினிக் நாளில் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுபஹுக்குப் பிறகு இலக்கம் எடுக்கப் போனால் லுஹர் ஆகிவிடும் திரும்பி வர. அந்த நெரிசலில் ஒவ்வொருவரையும் இருத்தி வைத்துப் பாடம் நடத்த முடியாது. மருந்து கொடுக்கும் யன்னலில் கைக்கு வருவது ஒரு சின்னக் கடதாசி உறை. அதில் நாளைக்கு எத்தனை முறை, எத்தனை குளிசை என்று இரண்டு இலக்கங்கள். பெட்டிக்குள் மடித்து வைக்கும் தகவல் தாள், சில்லறையாக எண்ணிக் கொடுக்கும்போது நோயாளியிடம் வந்து சேருவதில்லை. பாமசியில் முழுப் பெட்டியாக வாங்கினாலும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது என்று குடியியலில் படித்தோம். அந்த மொழி மருந்து உறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நமது நாடு மருந்து விடயத்தில் பின்தங்கிய நாடும் அல்ல. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பனிப் பெயர்களுக்குக் கூடுதல் விலை கொடுக்காமல், தேவையான மருந்தை அதன் பொதுப் பெயரில் மலிவாக வாங்கலாம் என்று ஒரு சிறிய நாடு செய்து காட்டியது. அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு, 1977இல், உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. உம்மம்மாவின் குளிசைகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்றால் அது சின்ன விடயமல்ல. குளிசையையே இலவசமாகத் தருகிற நாட்டுக்கு, உறையில் ஒரு றப்பர் முத்திரை குத்துவது பாரமா? ‘வாய் உலரலாம். தண்ணீர் குடிக்கவும். புளிப்பு, இனிப்பு உறிஞ்ச வேண்டாம். மருந்தை நிறுத்த வேண்டாம்.’ இவ்வளவுதான். தமிழிலும் சிங்களத்திலும். வாசிக்கத் தெரியாதவருக்கு வீட்டில் வாசித்துக் காட்ட ஒரு பிள்ளையாவது இருக்கும்.

இது வயதானவர்களின் பிரச்சினை என்று நினைத்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சாச்சியின் மகனுக்கு ஒன்பது வயது, முட்டு வருத்தம். கெப்சூல் போட்டு இழுக்கும் கருவி பாவிக்கிறான். அந்தத் தூளில் மருந்தோடு லக்ரோசும் கலந்திருக்கிறது, அதுவும் ஒரு சீனி. சில தூள்கள் அமிலத்தன்மையும் கொண்டவை. சல்பியூட்டமோல் எச்சிலைக் குறைக்கக் கூடும். களத்தின் அடியிலுள்ள தசையைத் தளர்த்தி வயிற்று அமிலம் மேலேறவும் இடம் கொடுக்கலாம். முட்டுள்ள பிள்ளைகளுக்குப் பல் அரிப்புக் கூடுதலா என்பதில் ஆய்வாளர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை; சிலர் ஆம் என்கிறார்கள், சிலர் வித்தியாசம் காணவில்லை. ஆனால் சாச்சி வீட்டில் நடப்பதை நான் பார்த்தேன். அவன் பல் தீட்டிவிட்டுத்தான் மருந்தை இழுக்கிறான். இழுத்ததும் வாய் காய்கிறது என்று சோடா கேட்கிறான். பிள்ளைக்கு மூச்சு வந்த சந்தோஷத்தில் சாச்சி கொடுத்துவிடுகிறார். அவன் தூங்கிவிடுகிறான். எச்சில் குறைந்த இரவு முழுவதும் அந்தச் சோடா பல்லோடு இருக்கிறது.

அவனிடமிருந்து இன்ஹேலரைப் பறிக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. பல்லைவிட மூச்சு பெரிது. ஒருமுறை பட்டதால் இதை இரண்டுமுறை எழுதுகிறேன்: எந்த மருந்தையும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மாற்ற வேண்டியது வரிசையைத்தான். முதலில் மருந்து, பிறகு தண்ணீரால் நன்றாக வாய் கொப்பளித்தல், பிறகு பல் தீட்டுதல், பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. இதற்குச் சாச்சியின் வீட்டில் ஒரு சதம்கூடச் செலவாகவில்லை.

சின்னப் பிள்ளைகளின் பாணி மருந்து இன்னொரு கதை. அது அரிப்பல்ல, சொத்தை. ஆனால் மருந்தோடு வருவதால் சொல்லிவிடுகிறேன். சீனி கலந்த பாணி மருந்தை நீண்ட காலம் குடித்த பிள்ளைகளுக்குச் சொத்தை கூடுதலாக இருந்ததை 1979இலேயே ‘பிரித்தானிய மருத்துவ இதழ்’ வெளியிட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. நம் வீடுகளில் இன்றும் இரவு பாணி மருந்து கொடுத்ததும், கசப்புப் போக ஒரு தேக்கரண்டி சீனியும் கொடுத்துத் தொட்டிலில் போடுகிறோம்.

மென்று தின்னும் விற்றமின் சி மாத்திரையால் பல் கரைந்ததையும் 1983இல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மூட்டு வாத நோய்க்காக அஸ்பிரினை விழுங்காமல் மென்று வந்த பிள்ளைகளின் பற்கள் கரைந்ததும் அதே காலத்தில்தான் எழுதப்பட்டது. விழுங்கியவர்களுக்கு அது நேரவில்லை. மருந்து அதேதான், வாயில் இருந்த நேரம்தான் வேறு. உம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டி எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. (வெற்றிலையை நிரபராதி என்று விட்டுவிட்டேன் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விடயம். அது இன்னொரு கட்டுரை. உம்மம்மாவோடு இன்னொரு சண்டை.)

இந்தப் பக்கத்தை வாசிக்கும் மாணவிகளில் பலர் வீட்டில் யாரோ ஒருவரின் கிளினிக் கொப்பியைச் சுமப்பவர்கள்தான். நம் ஊரில் உம்மம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போவது பெரும்பாலும் பேத்தியின் வேலை. வரிசையில் நிற்பது நாம், உறையை வாங்குவது நாம். யன்னலில் ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம் போதும்: “இது வாயை உலர்த்துமா? உலர்த்தினால் என்ன செய்ய வேணும்?” பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பல் வைத்தியரிடம் போகும்போது குளிசைகள் எல்லாவற்றையும், கொப்பியில் இல்லாதவற்றையும், ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எங்கள் வீட்டு உண்மை வெளிவந்தது கொப்பியால் அல்ல, வெற்றிலைப் பெட்டியால்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். புளிப்பு ஏதாவது சாப்பிட்ட உடனே பல் தீட்டச் சொல்லாதீர்கள். சுத்தம் என்று நினைத்து நாங்கள் செய்கிற பிழை அது. அமிலம் பட்டு மென்மையாகியிருக்கும் எனாமலை அந்த நேரத்தில் பிரஷ்ஷால் தேய்த்தால் கூடுதலாகத்தான் தேயும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். நோன்பு திறந்ததும் தேசிக்காய்ச் சர்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணித்தியாலம் உறிஞ்சிக்கொண்டிருப்பதைவிட, ஒரேயடியாகக் குடித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பது பல்லுக்கு நல்லது. பகல் முழுவதும் வாய் உலர்ந்திருக்கும் மாதம் அது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சாச்சியின் மகன் காலை மருந்தை சுபஹ் தொழுகைக்கு வுழூச் செய்யும் முன்பு இழுக்கிறான். இரவு மருந்தை இஷாவுக்கு வுழூச் செய்யும் முன்பு. வுழூவில் மூன்று முறை வாய் கொப்பளிக்கத்தானே வேண்டும்? யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லாமல் கொப்பளிப்பு நடந்துவிடுகிறது. யோசனை என்னுடையது என்று சொல்ல ஆசைதான். சொன்னது உம்மம்மா.

உம்மம்மா இப்போது இரண்டு பிரஷர் குளிசைகளையும் எங்கள் கண் முன்னால் போடுகிறார். மைலோ ரின் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. போன கிளினிக்குக்கு நான் கூடப் போனேன். கேள்வி கேட்க வாயைத் திறந்தபோது உம்மம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவரே கேட்டார்: “டொக்டர், ராவையில போட்ட சின்னக் குளிச வாயக் காய வெக்கிதாம். அத விட்டா என்ன?” அந்த இளம் வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அப்படியொரு குளிசை இருப்பதே கொப்பியில் இல்லையே என்றார். ஊறல் இருக்கிற நாளில் மட்டும் போடலாம், நித்திரைக்காகப் போட வேண்டாம் என்றார். பிரஷர் குளிசைகளில் ஒன்றையும் தொடக் கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னார். உம்மம்மா என் பக்கம் திரும்பி, “கேட்டாயா?” என்றார்.

கரைந்த எனாமல் திரும்ப வளராது. அதை உண்டாக்கும் கலங்கள் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன. பல் வைத்தியர் கூசும் இடங்களில் ஏதோ பூசி மூடியிருக்கிறார், கொஞ்சம் தாங்குகிறது. இந்த வருடமும் முற்றத்து மரம் காய்த்திருக்கிறது. உம்மம்மாவுக்குப் பழத்தைத் தோல் சீவி, குளிரில்லாத எருமைத் தயிரோடு பிசைந்து கொடுக்கிறோம். காயை நான் தின்கிறேன், உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு. தின்று முடித்து நான் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளிக்கும் வரை உம்மம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.